பூ மார்க்கெட்டில் கற்ற புரோகிராமிங்

2012-ல் பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினிதான் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கணினி. முந்தைய ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் தெருவில் நாலைந்து பேருக்குக் கிடைத்தது. சுவிட்சைப் போட்டதும் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். நாங்கள் விண்டோஸுக்குள் போய்ப் படம் பார்த்தோம். அம்மா பழைய புடவையில் அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தார். "கம்ப்யூட்டரே வீட்டுக்கு வந்துருச்சு, இனி இவன் கம்ப்யூட்டர்தான் படிக்கணும்" என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்தேன். கருவி முதலில் வந்துவிட்டது. அதை வைத்து யாருக்கு என்ன செய்து கொடுப்பது என்ற கேள்வி வந்துசேர இன்னும் சில வருஷங்கள் ஆயின.

கல்லூரி ஆய்வகத்தில் டர்போ சி++ ஓடிக்கொண்டிருந்தது. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. போர்லாண்ட் நிறுவனம் 1990-ல் வெளியிட்டது. எங்கள் கையில் இருந்த புதிய கணினிகளில் அது நேராக ஓடாது என்பதால் டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்குள் வைத்து ஓட்டினோம். ஆசிரியர்கள் அக்கறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பாலகுருசாமியின் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாயின்ட்டர் வரைக்கும் புரிந்துகொண்டேன். ஆனால் நாங்கள் எழுதிய நிரல்கள் எல்லாம் ஒரே வகையறா. பாலிண்ட்ரோம், ஆம்ஸ்ட்ராங் எண், ஃபிபனாச்சி வரிசை, மாணவர் மதிப்பெண் பட்டியல். ரெக்கார்டு நோட்டில் நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு என்று வரிசையாக எழுதி, முடிவில் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும்: நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது. எல்லா நிரலுக்கும் அதே வாக்கியம். யாருக்காக இயங்கியது, அதனால் யாருடைய வேலை முடிந்தது என்று கேட்க அந்த நோட்டில் இடம் கிடையாது.

கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட். அந்தக் காலத்தில் மதுரையிலும் சென்னையிலும் ப்ராஜெக்ட் சென்டர்கள் செழித்திருந்தன. உள்ளே நுழைந்தால் ஒரு பட்டியலை நீட்டுவார்கள்: நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை, சம்பளப் பட்டியல், ஆன்லைன் தேர்வு. பணம் கட்டினால் சிடி, பைண்டு செய்த அறிக்கை, வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில், எல்லாம் சேர்ந்து வரும். மருத்துவமனையில் பில் போடும் கவுண்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் மருத்துவமனை மேலாண்மை செய்து முடித்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்து பயனில்லை. மூன்று வருஷமாகத் தயார் கேள்விக்குத் தயார் பதில் எழுதிப் பழகியவர்களிடம் திடீரென்று "நீயே ஒரு கேள்வி கொண்டு வா" என்றால் எங்கே போவார்கள்?

2015-ல் பட்டம் வாங்கிக்கொண்டு சாலை ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைகளுக்குப் போய் பிரிண்டர் மாட்டுவது, வைரஸ் எடுப்பது, டேலி போட்டுக் கொடுப்பது. அடுத்த வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை ஒரு ஜிபி டேட்டாவை மாதம் முழுக்கப் பிரித்துப் பிரித்துச் செலவழித்தவர்களுக்கு வீடியோ இலவசமாகக் கொட்ட ஆரம்பித்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போனால் பன்னிரண்டு மணிவரை டுடோரியல்தான். பைதான் படித்தேன், எச்டிஎம்எல் படித்தேன், ஆண்ட்ராய்டு கொஞ்சம் பார்த்தேன். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ்க் குரலிலேயே கிடைத்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு பாடம். 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழ் தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவந்தது. அங்கே நித்யா துரைசாமி எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' இலவச மின்னூலாகக் கிடைத்தது. தரவுதள அட்டவணை என்றால் என்ன என்று கல்லூரியில் மனப்பாடம் செய்திருந்தேன், அந்தப் புத்தகத்தில்தான் விளங்கிற்று.

ஆகவே டுடோரியல் மீது எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அவை இல்லாவிட்டால் நான் பிரிண்டர் மாட்டிக்கொண்டே இருந்திருப்பேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், கால்குலேட்டர், வானிலை காட்டும் ஆப் என்று வீடியோவைப் பார்த்துக்கொண்டே செய்த எல்லாம் ஓடின. வீடியோவை மூடிவிட்டு வெற்றுத் திரையைத் திறந்தால் முதல் வரி வராது. இன்னும் போதுமான அளவு படிக்கவில்லை என்று அடுத்த வீடியோவுக்குப் போவேன். அது முடிந்தால் அதற்கடுத்தது. நண்பர்கள் சிலரும் இதே சுழலில் இருந்தார்கள். எதைப் பற்றிக் கேட்டாலும் தெரியும் என்போம். செய்து காட்டச் சொன்னால் டீ குடிக்கப் போய்விடுவோம்.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. டுடோரியலில் எல்லா முடிவுகளையும் யாரோ எடுத்து முடித்திருக்கிறார்கள். எந்தக் கோப்பில் தொடங்குவது, அட்டவணையில் எத்தனை பத்தி, எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எது ஓடாமல் போகும் என்பதெல்லாம் கேமராவுக்கு முன்னால் வருவதற்கு முன்பே தீர்ந்துவிட்ட விவகாரங்கள். நம் விரல்தான் வேலை செய்கிறது, தேர்ந்தெடுக்கும் வேலை நம்மிடம் வருவதே இல்லை. சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் பின்சீட்டில் உட்கார்ந்து ஏறியவனுக்குப் பாதை தெரிந்த மாதிரியே இருக்கும். ஹேண்டில்பாரைக் கையில் கொடுத்தால்தான் வளைவு எவ்வளவு வளைவு என்று தெரியும்.

எனக்கு ஹேண்டில்பாரைக் கொடுத்தவர் என் தாய்மாமா.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அண்ணா வணிக வளாகத்தில் பூ மார்க்கெட் இருக்கிறது. வெள்ளோடு, தாடிக்கொம்பு, ரெட்டியார்சத்திரம், செம்பட்டி, ஆத்தூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே மல்லிகை, முல்லை, ஜாதிப்பூ, கனகாம்பரம், சம்பங்கி, செவ்வந்தி, அரளி எல்லாம் வந்து இறங்கும். மாமா அங்கே ஒரு கமிஷன் கடையில் பங்குதாரர். 2018 வாக்கில் ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், "மாப்ள, ஊர்ல இருக்க கடைக்கெல்லாம் போய் கம்ப்யூட்டர் மாட்டுற. நம்ம கடைக்கு ஒரு கணக்கு போட்டுக் குடுக்கக் கூடாதா? வாரக் கடைசியில பட்டுவாடா பண்றதுக்குள்ள கணக்குப்பிள்ளைக்கு உசுரு போயிருது" என்றார்.

முதலில் கடைகளுக்கு வழக்கமாகப் போட்டுக் கொடுக்கும் பில்லிங் மென்பொருள்களைத்தான் நினைத்தேன். பொருள், விலை, வரி, இருப்பு. பூ மார்க்கெட்டுக்குள் அவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை. புதிதாகப் பறித்த பூவுக்கு ஜிஎஸ்டி இல்லை. இருப்பு என்று எதுவும் இல்லை, காலையில் வந்தது மதியத்துக்குள் போயாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கடையில் குவிந்திருக்கும் பூவில் ஒரு முழம்கூட மாமாவுக்குச் சொந்தம் கிடையாது. விவசாயி கொண்டுவருகிறார், வியாபாரி எடுத்துப் போகிறார், நடுவில் நிற்பவர் கமிஷன் பெறுகிறார். கடைக்காரர் பொருளை வாங்கி விற்கிறார் என்ற நினைப்பில் எழுதிய மென்பொருளுக்கு இந்த நடு ஆள் யார் என்றே தெரியாது. ஆகவே புதிதாகத்தான் எழுத வேண்டும். வெற்றுத் திரை மறுபடியும் எதிரே வந்து நின்றது. ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. முதல் வரி தெரியாவிட்டால் போய்க் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார்.

கணக்குப்பிள்ளை அறுபதைத் தாண்டியவர். காலை நாலரைக்கு சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு வந்து உட்காருவார். வேலைக்குப் போவதற்கு முன்பு அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். தராசில் பை ஏறும், எடையைக் கூவுவார்கள், அவர் சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுப்பார். அதே எண் சிட்டையில் ஏறும். சிட்டையிலிருந்து சாயங்காலம் பேரேட்டுக்குப் போகும். சீட்டு விவசாயி கையில், சிட்டை நாளுக்கு, பேரேடு ஆளுக்கு. மூன்று இடத்திலும் ஒரே எண், மூன்றுக்கும் வெவ்வேறு வேலை. கல்லூரியில் நார்மலைசேஷன் என்று ஒரு பாடம் உண்டு. ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று சொல்லும். இவர் ஏன் திரும்ப எழுதுகிறார் என்று கவனித்தபோது, ஒவ்வொரு தாளும் வேறொருவரின் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறது என்று புரிந்தது.

என் முதல் கேள்வி எளிமையானது என்றுதான் நினைத்தேன்.

"ஐயா, மல்லிகை விலையை எங்க எழுதி வைப்பீங்க?"

"எப்ப உள்ள விலை தம்பி?"

டுடோரியல்களில் பொருளுக்குப் பக்கத்திலேயே விலை இருக்கும். சோப்பு, முப்பது ரூபாய். ஒரு வரி, ஒரு பத்தி, முடிந்தது. இங்கே ஐந்து மணிக்கு வந்த பூவுக்கு எடை மட்டும்தான் எழுதப்படுகிறது. விலை, வியாபாரிகள் வந்து கூடிய பிறகுதான். ஏழு மணிக்கு ஒரு விலை இருக்கும். எட்டரைக்கு வரத்து அதிகமாகிவிட்டால் இறங்கும். வெளியூர் வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்தால் மறுபடி ஏறும். சாதாரண நாளில் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகும் மல்லிகை, முகூர்த்தம் நெருங்கினால் ஆயிரத்தைத் தாண்டும். மார்கழிப் பனியில் வரத்து சுருங்கி, தை பிறக்கும் நேரத்தில் விலை எங்கேயோ போய் நிற்கும். ஆக விலை என்பது பூவின் குணமே இல்லை, ஒரு குறிப்பிட்ட வேளையின் குணம். எடைக்கு ஓர் அட்டவணை, விலைக்கு நேரத்தோடு சேர்த்து இன்னோர் அட்டவணை, இரண்டையும் பிறகு பொருத்துவது என்று முடிவு செய்தேன். நான் சொந்தமாக எடுத்த முதல் வடிவமைப்பு முடிவு அதுதான். எந்த வீடியோவிலும் வராத முடிவு. அதைக் கொடுத்தது "எப்ப உள்ள விலை" என்ற பதில் கேள்வி.

அடுத்தது முன்பணம். விவசாயிகள் பலர் நாற்றுக்கும் உரத்துக்கும் கடையில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வாரப் பட்டுவாடாவில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள். எத்தனை சதவீதம் பிடிப்பது என்று கேட்டேன். கணக்குப்பிள்ளை சிரித்தார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் சிலருக்குப் பிடித்தமே கிடையாது. நல்ல விலை கிடைத்த வாரத்தில் அவர்களே கூடுதலாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். வீட்டில் சாவு விழுந்தால் பிடிக்காமல் விடுவதோடு மேலும் கொடுத்தனுப்புவார்கள். இதற்குச் சூத்திரம் எழுத முடியாது. எழுதவும் கூடாது. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். பாக்கி எவ்வளவு என்று நிரல் காட்டும், எவ்வளவு பிடிப்பது என்று மனிதர் எழுதுவார். எல்லாவற்றையும் தானாகச் செய்ய வைப்பதுதான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்த வயதில், எதைத் தானாகச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொண்டது பெரிய படிப்பு.

மூன்றாவது பாடம் திருத்தம். எடையைத் தவறாகப் பதிந்துவிட்டால் அந்த எண்ணின் மேல் புதிய எண்ணை எழுதிக்கொள்ளும்படி செய்திருந்தேன். எல்லா டுடோரியலிலும் அப்படித்தான் இருக்கும்: சேர், பார், மாற்று, நீக்கு. கணக்குப்பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, "பழசு எங்க?" என்றார். போய்விட்டது என்றேன்.

"அடிச்சு எழுதலாம் தம்பி, தப்பில்ல. ஆனா அடிச்சது தெரியணும். தெரியலைன்னா நாளைக்கு எவனும் நம்ம சிட்டைய நம்ப மாட்டான்."

சிட்டையில் அவர் ஓர் எண்ணை அடித்தால் ஒற்றைக் கோடுதான் போடுவார், அடியில் இருப்பது படிக்கத் தெரியும். பக்கத்தில் சுருக்கொப்பம். அதன்பின் நிரலில் எதையும் அழிக்க முடியாதபடி மாற்றினேன். பழைய பதிவு அப்படியே இருக்கும், திருத்தம் புதுப் பதிவாக நேரத்தோடு கீழே சேரும். வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் தணிக்கைத் தடம் என்ற பெயரில் இதையே கட்டாயமாக வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு வேலைக்குப் போன இடத்தில் தெரிந்தது.

கருவி பற்றியும் சொல்ல வேண்டும். பைதான் மொழி, திரைக்கு டிகின்டர், தரவுக்கு எஸ்கியூலைட். எஸ்கியூலைட்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம் மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை வரும், மழைக்காலத்தில் சொல்லாமலும் வரும், அரசு கொடுத்த மடிக்கணினியின் பேட்டரி அதற்குள் வயசாகியிருந்தது. எஸ்கியூலைட்டுக்குத் தனி சர்வர் வேண்டாம், எல்லாம் ஒரே கோப்பு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தப் பதிவு முழுதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பாதியில் தொங்காது. இதை 2000-ல் எழுதிய ரிச்சர்ட் ஹிப்பின் கதை எனக்குத் தெம்பு கொடுத்தது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்காக வேலை செய்துகொண்டிருந்தவர் அவர். தரவுதள சர்வர் நின்றுபோனால் தன் நிரலும் நின்றுபோய்ப் பழி தன்மேல் விழுகிறதே என்று சர்வரே தேவைப்படாத ஒன்றை எழுதத் தொடங்கினார். இன்று நம் ஒவ்வொருவர் போனுக்குள்ளும் அது இருக்கிறது. உலகத்துக்காக என்று அவர் தொடங்கவில்லை, எதிரே இருந்த ஒரு தொல்லையைத் தீர்க்கத் தொடங்கினார்.

பணத்தையும் எடையையும் தசமப் புள்ளியோடு வைத்தால் பைதான் ஒரு வேலை காட்டும். 1.1 கிலோ பை மூன்று என்று பெருக்கினால் 3.3000000000000003 என்று வரும். கணினி எண்களை இரும முறையில் வைத்துக்கொள்வதால் வரும் வால் அது. கணக்குப்பிள்ளையிடம் இரும முறை பற்றிப் பேச முடியுமா? எடையைக் கிராமாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்ணில் வைத்தேன். வால் அறுந்தது.

பெரிய போராட்டம் தமிழோடு. விவசாயிக்குக் கொடுக்கும் சீட்டு தமிழில் இருக்க வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. மலிவான தெர்மல் பிரிண்டருக்குள் ஆங்கில எழுத்து உண்டு, தமிழ் எழுத்து கிடையாது. ஆகவே சீட்டையே படமாக வரைந்து அனுப்ப வேண்டும். வரைந்தால் 'வெள்ளோடு' உடைந்து வந்தது. யூனிகோடில் 'வெ' என்ற எழுத்தை முதலில் வகரம், பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். 'ளோ'வுக்கு இரண்டு பக்கமும் வர வேண்டும். இப்படி முன்பின் மாற்றி அடுக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற தனி நூலகம் செய்கிறது. நான் பயன்படுத்திய படம் வரையும் நூலகத்தோடு அதைச் சேர்த்துக் கட்டினால்தான் கொம்பு தன் இடத்துக்குப் போகும். அது முடிந்தால் பத்திகள் கோணலாக நின்றன. 'திண்டுக்கல்' நமக்கு ஆறு எழுத்து, பைதானின் கணக்கில் பதினொன்று. எழுத்தை எண்ணி இடம்விட்டால் எப்படி நேராக நிற்கும்? பெயர் வரிசையும் அப்படித்தான். நம் அகராதி முறைப்படி கண்ணன் முன்னால், கணேசன் பின்னால். கணினியின் எண் வரிசைப்படி கணேசன் முந்திக்கொள்வார். முத்து அண்ணாமலையும் மற்றவர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைதான் நூலகம் இந்த இடத்தில் கைகொடுத்தது. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே எண்ணும், வரிசைப்படுத்தும். நம் சொந்தத் தேவைக்கு எழுதும்போதுதான் நமக்கு முன்னால் யாரெல்லாம் இதே சுவரில் முட்டி வழி உண்டாக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

கணக்குப்பிள்ளை தட்டச்சு செய்ய மாட்டார், கற்றுக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தவும் எனக்கு மனமில்லை. அவருக்கு ஒவ்வொரு விவசாயியும் ஏற்கெனவே பேரேட்டுப் பக்க எண்ணாகவே மனதில் இருந்தார். அந்த எண்ணையே வைத்துக்கொண்டேன். பூவுக்கும் ஓர் எண். ஒரு சின்ன எண் பலகையை யூஎஸ்பியில் மாட்டிக் கொடுத்தேன். ஆள் எண், பூ எண், எடை, என்டர். தராசிலிருந்து கம்பி இழுத்து எடையை நேராகக் கணினிக்குக் கொண்டுவரலாம் என்று எனக்கு ஆசை. மாமா தடுத்துவிட்டார். எடையைச் சத்தமாகக் கூவுவது விவசாயி காதில் விழுவதற்காக என்றார். போனில் பார்க்க ஆப் செய்கிறேன் என்றேன். வீட்டில் காட்டக் கையில் சீட்டு போதும் என்று விவசாயிகளே சொன்னார்கள். டுடோரியலில் நான் கற்ற வித்தைகளில் பாதி இப்படித் தேவைப்படாமலே போயின.

கொஞ்ச காலம் சிட்டையும் கணினியும் சேர்ந்தே ஓடின. வாரக் கடைசியில் இரண்டு கூட்டலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒத்துப்போகாத இடங்களில் சில சமயம் நிரல் பிசகியிருக்கும், சில சமயம் சிட்டை. படிப்படியாகப் பட்டுவாடா நாளில் அவர் வீட்டுக்குச் சீக்கிரம் போக ஆரம்பித்தார். நிரலைப் பற்றி அவர் பாராட்டிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சிட்டையில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கிறது என்று மாமாவிடம் சொன்னாராம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மார்க்கெட் மூடியது. பூ செடியிலேயே கிடந்து உதிர்ந்தது. சிட்டையும் பேரேடும் பூட்டிய கடைக்குள் இருந்தன. என் வீட்டில் இருந்த காப்புக் கோப்பிலிருந்து யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எடுத்து, மாமா ஒவ்வொருவராகப் பணம் அனுப்பினார். அன்றைக்கு அந்த வேலை முடிந்ததை, ரெக்கார்டு நோட்டின் கடைசி வாக்கியத்துக்கு நியாயமான பொருள் கிடைத்ததாக எடுத்துக்கொண்டேன்.

பின்னால் மதுரையில் ஒரு நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போனபோது, படித்த படிப்புகளின் பட்டியலை அவர்கள் புரட்டிவிட்டு வைத்துவிட்டார்கள். பூக்கடை நிரலைத் திறந்து காட்டச் சொன்னார்கள். விலையை ஏன் தனி அட்டவணையில் வைத்தாய், ஏன் எதையும் அழிக்க விடவில்லை என்ற இரண்டு கேள்வியிலேயே நேரம் போய்விட்டது. இரண்டுக்கும் பதில் கணக்குப்பிள்ளை சொன்னதுதான்.

நான் கடை கடையாகப் போட்டுக் கொடுத்த டேலியின் பிறப்பும் இப்படிப்பட்டதே. ஷியாம் சுந்தர் கோயங்கா நூற்பாலைகளுக்கும் மற்ற ஆலைகளுக்கும் மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் விற்றுவந்தவர். தன் கணக்கை வைக்கத் தோதான மென்பொருள் கிடைக்கவில்லை என்று கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல் அப்படித் தொடங்கியதுதான் இன்று இந்தியாவின் சின்ன ஊர்க் கடைகள் வரை ஓடுகிறது. அப்பாவின் கடைக்கு மகன் எழுதிய கணக்கு.

இப்போது சின்னாளப்பட்டியிலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் மாணவர்கள் வந்து "அண்ணே, அடுத்து எந்தக் கோர்ஸ் படிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்தக் கேள்வியில் பயமும் சேர்ந்துகொண்டது. நிரலை அதுவே எழுதித் தருகிறதே, நாங்கள் எதற்கு என்கிறார்கள். கேள்வியைத் தெளிவாகக் கொடுத்தால் அது எழுதித் தரும், உண்மைதான். ஆனால் நாலரை மணிக்குப் பூ மார்க்கெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து "எப்ப உள்ள விலை தம்பி?" என்ற பதிலை அது வாங்கிவராது. தயார் கேள்விக்குப் பதில் எழுதும் வேலை மலிவாகிவிட்டது. கேள்வியைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. டுடோரியலில் மட்டும் தங்கிவிட்டவர்களுக்கு இது கெட்ட காலம், ஊரைக் கவனிக்கத் தெரிந்தவர்களுக்கு நல்ல காலம்.

நம் மாவட்டத்தில் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்கு லாரி போகிறது. அந்த லாரியில் யாருடைய மூட்டை எவ்வளவு என்று யாரோ ஒருவர் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைச் செய்கிற பட்டறையில் ஆர்டர்கள் சுவரில் சாக்பீஸில் இருக்கின்றன. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்காரர் எந்த ஊரில் யார் ஏறுவார் என்பதை நினைவில் மட்டும் வைத்திருக்கிறார். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். அடிப்படைக்கு ஒரு டுடோரியலை முடித்துவிட்டீர்களா, போதும். இரண்டாவதைத் திறக்க வேண்டாம். அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், அவர் எழுதுவதைப் பாருங்கள், ஏன் என்று கேளுங்கள். அவர் ஒருவர் மட்டும் நாளைக் காலையில் பயன்படுத்துகிற மாதிரி, எவ்வளவு சின்னதானாலும் ஒன்றை எழுதிக் கொடுங்கள். தெரியாததை அன்றன்றைக்குத் தேடிப் படித்துக்கொள்ளலாம்.